கிழமைக் கடனும் காணி உறுதியும்

2022 ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக இலங்கை அரசு அறிவித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தை எட்டியது. உணவுப் பொருள்களை மட்டும் எடுத்தால் விலையேற்றம் 95 சதவீதத்தை ஒட்டியிருந்தது. 2022 இல் ஏழு சதவீதத்துக்கும் கூடுதலாகச் சுருங்கிய பொருளாதாரம் அடுத்த ஆண்டும் இரண்டு சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டாலர் உதவிக்கு ஒப்புதல் அளித்தது. 2024 இல் 5 சதவீத வளர்ச்சி பதிவானது. கணக்கேட்டின்படி நாடு எழுந்து நிற்கத் தொடங்கிவிட்டது. ஆனால் உலக வங்கியின் மதிப்பீட்டில், 2021 இல் மக்களில் சுமார் 13 சதவீதத்தைத் தொட்டிருந்த வறுமை, 2024 இலும் நான்கில் ஒருவரைப் பிடித்துவைத்திருந்தது.

இந்த இடைவெளியை அதிகம் சுமப்பவர்கள் பெண்கள். இலங்கையில் ஏறத்தாழ நான்கு குடும்பங்களில் ஒன்று பெண் தலைமைத்துவக் குடும்பம். வடக்கிலும் கிழக்கிலும் இவர்களுள் போரில் கணவனை இழந்தவர்கள் உண்டு. கணவன் காணாமலாக்கப்பட்டு, இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல் பிள்ளைகளை வளர்த்தவர்களும் உண்டு. அரிசியும் மண்ணெண்ணெயும் மருந்தும் ஒரே ஆண்டில் எட்டாத விலைக்குப் போனபோது, எதைக் குறைப்பது, எதை அடகு வைப்பது, யாரிடம் கேட்பது என்ற கணக்கு இவர்களுடைய சமையலறையில்தான் நடந்தது.

வேலைக் கணக்கு இன்னொரு செய்தி சொல்கிறது. 2023 இல், பதினைந்து வயதைக் கடந்த பெண்களில் வேலையில் இருந்தவர்களையும் வேலை தேடியவர்களையும் சேர்த்தாலும் 31 சதவீதத்தினர்தான். ஆண்களில் இது 68 சதவீதத்துக்கும் மேல். பல்கலைக்கழகங்களுக்குள் நுழைவோரில் பெண்களே அதிகமாக இருக்கும் நாட்டில் நிலைமை இது. தேடித் தேடி அலுத்து வீட்டோடு நின்றுவிட்ட பெண், புள்ளிவிவரத்தில் வேலையற்றவர் என்றும் எண்ணப்படமாட்டார். வேலையின்மை வீதம் குறைகிறது என்ற செய்தியைப் படிக்கும்போது அவரை நினைவில் கொள்ள வேண்டும்.

முறைசார்ந்த வேலைகளில் பெண்களை அதிகம் ஏற்றுக்கொண்ட துறை ஆடைத் தொழில். சுமார் மூன்றரை இலட்சம் பேர் நேரடியாக வேலைசெய்யும் இத்துறையில் பெரும்பான்மையினர் பெண்கள். போருக்குப் பிறகு வவுனியா, கிளிநொச்சி போன்ற இடங்களிலும் தொழிற்சாலைகள் திறக்கப்பட்டன. நெருக்கடியோடு மேற்கு நாடுகளின் கொள்முதலும் சரிந்ததால், 2022 இல் 560 கோடி டாலரை ஒட்டியிருந்த ஆடை ஏற்றுமதி, 2023 இல் 450 கோடி டாலர் அளவுக்கு இறங்கியது. மிகைநேர வேலையையும் ஊக்கத்தொகையையும் நம்பிச் சீட்டுக் கட்டியவர்களுக்கு, வேலை போகாவிட்டாலும் அந்த மேலதிக வருமானம் போனது.

மற்ற வழி வெளிநாடு. 2022 இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலைக்காக நாட்டைவிட்டுப் போனார்கள். ஐந்தில் இருவர் பெண்கள். வீட்டுப் பணிக்குப் போகும் பெண், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாயாக இருக்கக்கூடாது என்று 2013 இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற நிபந்தனை கொண்டுவரப்பட்டிருந்தது. டாலர் தேவைப்பட்ட 2022 இல் வீட்டுப் பணிப்பெண்களுக்கான குறைந்தபட்ச வயது 21 ஆகத் தளர்த்தப்பட்டது. பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்வியை அரசு தடையாக எழுப்பியது. பிறகு தேவைக்காகக் கதவைத் திறந்துவிட்டது. பிள்ளைப் பராமரிப்பை ஒரு பொதுச் சேவையாக நடத்துவது என்ற விடை இரண்டு முறையும் கவனிக்கப்படவில்லை.

உள்நாட்டிலேயே வேலை தேடும் பெண்ணை மறிப்பதும் இதே கேள்விதான். கிராமங்களில் முன்பள்ளி உண்டு, ஆனால் அது மதியத்துக்கு முன் முடிந்துவிடும். தொழிற்சாலையின் வேலைநேரமோ மாலைவரை. இடைப்பட்ட நேரத்துக்குப் பாட்டி இருந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை என்பதே பலருடைய நிலை. மகப்பேற்று விடுமுறை சட்டத்தில் நல்லபடியாகவே இருக்கிறது. 2018 இல் செய்த திருத்தத்தால், எத்தனையாவது பிள்ளை என்ற வேறுபாடின்றி 84 நாள் விடுமுறை உறுதியானது. ஆனால் தனியார் துறையில் அந்தச் சம்பளச் செலவு முழுவதும் முதலாளியின் தலையில் விழுகிறது. சமூகக் காப்புறுதி நிதியிலிருந்து கொடுக்கும் நாடுகளில், இளம்பெண்ணை வேலைக்கு எடுக்க நிறுவனம் தயங்கும் காரணங்களில் ஒன்று இல்லாமல் போகிறது. இலங்கையில் அது அப்படியே இருக்கிறது. இது நிராகரிப்புக் கடிதத்தில் எழுதப்படாத காரணம். நேர்முகத்தில் 'கலியாணம் எப்போது?' என்ற கேள்வியாக அது வெளிவரும்.

வேலைக்குப் போய்வரும் வழியும் கணக்கில் சேர வேண்டும். பேருந்துகளிலும் ரயில்களிலும் பாலியல் தொந்தரவை அனுபவித்ததாகப் பத்துப் பெண்களில் ஒன்பது பேர் கூறியதை ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியத்தின் ஆய்வு வெளிப்படுத்தியது. தொழிற்சாலைகளில் பெண்கள் மாதத்துக்குப் பத்து நாளுக்கு மேல் இரவு வேலை செய்யக்கூடாது என்று 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒரு வரம்பு இருக்கிறது. பாதுகாப்புக்காக வந்த விதி அது. இரவுப் பேருந்தும் தங்குமிடமும் சரியாக இருந்தால் அந்த வரம்பின் தேவை குறையும். அவை இல்லாமல் வரம்பை மட்டும் எடுத்தால், ஆபத்து பெண்ணின் தலைக்கு மாறும்.

கூலி வேலை இப்படி இருக்க, பெண்களிடம் அதிகமாகச் சொல்லப்படும் யோசனை சுயதொழில். அதற்குப் பணம் வேண்டும். பணம் எப்படி வந்தது என்பதுதான் இந்த விஷயத்தின் கசப்பான பகுதி.

2009 இல் போர் முடிந்ததும், நுண்நிதி நிறுவனங்கள் வடக்கு, கிழக்குக் கிராமங்களுக்குள் வேகமாக நுழைந்தன. ஈடு தேவையில்லை, கணவன் கையொப்பம் தேவையில்லை, வங்கிக்கு அலையவும் தேவையில்லை. நிறுவனத்தின் ஆள் வீட்டு வாசலுக்கே வருவார். ஐந்து பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்றால் போதும். கிராமங்களில் இது 'கிழமைக் கடன்' ஆயிற்று. ஒவ்வொரு கிழமையும் குறித்த நாளில் தவணையைக் கட்ட வேண்டும்.

கணக்கைப் பார்த்தால் சிக்கல் புரியும். 50,000 ரூபாய், 28 சதவீத வட்டி, 52 கிழமைத் தவணை என்று ஒரு கடனை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 28 சதவீதம் என்றால் வட்டி 14,000 ரூபாய். மொத்தம் 64,000 ரூபாயை 52 ஆல் வகுத்தால் கிழமைக்குச் சுமார் 1,231 ரூபாய். கேட்கும்போது தாங்கக்கூடியதாகவே தோன்றும். ஆனால் 50,000 ரூபாயும் ஆண்டு முழுவதும் கடன்பட்டவரின் கையில் இருப்பதில்லை. இருபத்தாறாவது கிழமையில் பாதி திரும்பிப் போய்விடும். வட்டியோ முதல்நாள் தொகை முழுவதற்கும் போடப்பட்டது. குறைந்துவரும் நிலுவையின் மேல் கணக்கிட்டால் அதே கடனின் உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 50 சதவீதம். பதிவுக் கட்டணம், காப்புறுதி, கட்டாயச் சேமிப்பு என்று முதலிலேயே கழித்துக்கொண்டு கொடுத்தால் அது இன்னும் ஏறும்.

தவணையின் தாளமும் தொழிலின் தாளமும் பொருந்தவில்லை. கோழிக்குஞ்சு முட்டையிட ஏறக்குறைய ஐந்து மாதமாகும். நெல் விளைய மூன்று, நான்கு மாதம் வேண்டும். முதல் தவணையோ அடுத்த கிழமையே வந்துவிடும். அதைக் கட்ட இரண்டாவது நிறுவனத்தில் கடன், அதைக் கட்ட மூன்றாவதில் கடன் என்று போகும். ஒரு பெண் கட்டாவிட்டால் மற்ற நால்வரும் கட்ட வேண்டும் என்பதால் ஊர் உறவும் முறிந்தது. தொழிலுக்கென்று வாங்கியதில் பெரும்பகுதி அரிசிக்கும், பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும், மருத்துவத்துக்கும் போனது உண்மை. அதைக் கடன்பட்ட பெண்ணின் பொறுப்பின்மை என்று சொல்வது அநியாயம். அடுப்பு எரியாத வீட்டில் எந்தப் பணமும் முதலில் அடுப்புக்குத்தான் போகும்.

2018 செப்டம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஜுவான் பாப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, சில கடன்களின் வட்டி 220 சதவீதம் வரை போவதையும், தவணை அறவிட வருவோர் பெண்களை மிரட்டுவதையும், சில வேளைகளில் பாலியல் இலஞ்சம் கேட்பதையும் பதிவுசெய்தார். அதே ஆண்டு, அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர, வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய்க்குட்பட்ட நிலுவைக் கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அறிவித்தார். சுமார் 45,000 பெண்களுக்கு அது பயன்பட்டது. மத்திய வங்கியும் தன் மேற்பார்வையில் உள்ள நிதி நிறுவனங்களின் நுண்கடன் வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பு விதித்தது. ஆனால் 2016 ஆம் ஆண்டின் நுண்நிதிச் சட்டம், பொதுமக்களிடம் வைப்புப் பணம் வாங்கும் நிறுவனங்களையே உரிமத்தின் கீழ் கொண்டுவந்தது. வைப்பு வாங்காமல் கடன் மட்டும் கொடுப்போர் வெளியே நின்றார்கள். கிராமத்தில் அதிகம் நடமாடியவர்கள் அவர்களே. 2021 மார்ச் 8, மகளிர் தினத்தன்று, பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகத்தில் அமர்ந்தார்கள். அது வாரக்கணக்கில் நீடித்தது. சிங்களக் கிராமத்துப் பெண்களும் வன்னிப் பெண்களும் கேட்டது ஒன்றே: சுரண்டும் கடனைத் தள்ளுபடி செய்யுங்கள், ஒழுங்கான கடனுக்கு வழி செய்யுங்கள்.

அந்தக் காயம் ஆறுவதற்குள் 2022 வந்தது. பெருநிறுவனங்களுக்கே வங்கிகளின் முதன்மைக் கடன் வட்டி 27 சதவீதத்தைத் தாண்டிய காலத்தில், ஈடில்லாத சிறு தொழில்காரிக்குக் கிடைப்பது என்ன வட்டியாக இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2023 நடுப்பகுதியிலிருந்து வட்டி இறங்கியது. அந்த இறக்கத்தின் பயன் வாசலுக்கு வரும் கடன்காரரின் புத்தகத்தில் தானாக ஏறிவிடாது.

ஒழுங்கான கடன் எப்படி இருக்கும்? இலங்கைக்கு அது புதிய விஷயமல்ல. 1911 ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தோடு தொடங்கிய மரபில், சிக்கன கடன் கூட்டுறவுச் சங்கங்கள் இன்றும் ஊர்தோறும் இருக்கின்றன. உறுப்பினர் முதலில் சேமிக்கிறார். சங்கம் அந்தச் சேமிப்பிலிருந்து கடன் கொடுக்கிறது. வட்டி உபரியாகச் சங்கத்துக்கே திரும்புகிறது. தவணையை விளைச்சலுக்கு ஏற்றபடி மாற்ற, கூட்டத்தில் பேசி முடிவெடுத்தால் போதும். குறைகளும் உண்டு. மூலதனம் சிறியது, கணக்காளர் பற்றாக்குறை உண்டு, சில இடங்களில் அரசியல் புகுந்திருக்கிறது. இருந்தாலும், நெருக்கடி நிதியை ஒரு வழியில் ஊருக்குள் இறக்க வேண்டுமென்றால் கூட்டுறவுக்கு மூலதனம் கொடுப்பதே மற்றவற்றைவிட நம்பத்தகுந்தது. இலாபம் ஊரைவிட்டுப் போகாத ஒரே வழி அது.

கொஞ்சம் பெரிய தொழில்களுக்கு வேறு கருவிகள் வந்துள்ளன. 2017 இல் உலக வங்கியில் நிறுவப்பட்ட பெண் தொழில்முனைவோர் நிதி முன்முயற்சியிலிருந்து 1.26 கோடி டாலர் மானியம், ஆசிய அபிவிருத்தி வங்கி இலங்கையின் சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு நடத்திய கடன் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. அதே வங்கியின் உதவியோடு தேசிய கடன் உத்தரவாத நிறுவனமும் 2024 இல் செயல்படத் தொடங்கியது. தொழில்காரியிடம் போதிய ஈடு இல்லாதபோது, கடனின் ஒரு பங்குக்கு அது வங்கியிடம் பொறுப்பேற்கும். இயந்திரம், சரக்கு, வரவேண்டிய பணம் ஆகியவற்றை ஈடாகப் பதிவுசெய்யும் சட்டமும் 2024 இல் புதுப்பிக்கப்பட்டது. வீடோ காணியோ தன் பெயரில் இல்லாத, ஆனால் மூன்று தையல் இயந்திரம் வைத்திருக்கும் பெண்ணுக்கு இது அர்த்தமுள்ள மாற்றம். ஆயினும் இந்தக் கருவிகள் எல்லாம் தொழிற்பதிவும் கணக்கேடும் உள்ளவருக்கே எட்டும். பிரதேச செயலகத்தில் பதிவு, வங்கிக் கணக்கின் வழியே வரவு செலவு என்ற முதல் படியில் கைபிடித்து ஏற்றிவிட ஒரு அலுவலர் இருந்தால்தான் உத்தரவாதம் கிராமத்துக்கு இறங்கும்.

பணமாக அன்றிப் பொருளாகக் கொடுக்கப்படும் உதவிகளிலும் பழைய தவறு ஒன்று திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. போருக்குப் பிந்தைய 'வாழ்வாதார உதவி' என்றால் தையல் இயந்திரம், கோழி, ஆடு. ஒரே ஊரில் இருபது பேருக்குத் தையல் இயந்திரம் கொடுத்தால், அந்த ஊருக்கு எத்தனை சட்டை தேவை என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். பொருளை யார் வாங்குவார் என்பதிலிருந்து திட்டம் தொடங்க வேண்டும். 1978 இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபை, பனங்கட்டி, ஒடியல், பனையோலைக் கைப்பணிகளைக் 'கற்பகம்' விற்பனை நிலையங்களில் விற்பது இதற்கு ஒரு நல்ல உதாரணம்: செய்பவர் வீட்டில் இருக்கிறார், கடை வேறொருவர் பொறுப்பு. அடிப்படை வருமானமும் முக்கியம். 2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும நலன்புரித் திட்டம், மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபாய் என்று ஆரம்பித்து, பின்னர் 17,500 ஆக உயர்த்தியது. அரிசிக்கு அந்தப் பணம் இருந்தால்தான் தொழில் கடன் தொழிலில் நிற்கும்.

இவை எல்லாவற்றுக்கும் கீழே காணி இருக்கிறது. வங்கி இன்றும் முதலில் கேட்பது உறுதிப் பத்திரத்தைத்தான். மலையகத்தில் தலைமுறைகளாக உழைத்த பெண்ணின் லயன் அறை தோட்டத்துக்குச் சொந்தம். காட்டுவதற்கு அவரிடம் உறுதியே இல்லை. குடியேற்றத் திட்டங்களின் அரச காணிகளில், 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டம் வாரிசுரிமையில் ஆண்பிள்ளைகளை முன்னே வைத்தது. அந்த விதி 2022 இல்தான் திருத்தப்பட்டது.

யாழ்ப்பாணத்து நிலைமை இன்னும் வியப்பானது. அங்கே சீதனமாக வீடும் காணியும் பெண்ணின் பெயருக்கே எழுதப்படுவது வழக்கம். உறுதி அவர் பெயரில் இருக்கிறது. ஆனால் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்குட்பட்டவர்களுக்குப் பொருந்தும் 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், முதுசச் சட்டத்தின் 6 ஆம் பிரிவின்படி, மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவனுக்கு அவ்வாறான கட்டுப்பாடு இல்லை. மட்டக்களப்புத் தமிழ்ப் பெண்ணுக்கும் காலியின் சிங்களப் பெண்ணுக்கும் பொதுச் சட்டம் பொருந்துவதால், 1923 ஆம் ஆண்டின் மணமான பெண்களின் சொத்துச் சட்டம் அவர்களை இந்தக் கட்டிலிருந்து விடுவித்துவிட்டது.

கணவன் பிரிந்துபோனாலோ, இருக்குமிடம் தெரியாவிட்டாலோ, காரணமின்றி மறுத்தாலோ, மாவட்ட நீதிமன்றத்தை நாடி அனுமதி பெறலாம் என்று அதே சட்டத்தின் 8 ஆம் பிரிவு சொல்கிறது. வழக்கறிஞர் கட்டணமும் தவணைக்குத் தவணை அலைச்சலும் தாங்கி, ஒரு சிறு கடனுக்காக நீதிமன்றம் போகக்கூடியவர் எத்தனை பேர்? காணாமலாக்கப்பட்டவர்களின் மனைவிமாருக்குத்தான் இது மிகக் கடுமையாக உறைத்தது. மரணச் சான்றிதழ் வாங்குவதென்றால் கணவன் இறந்துவிட்டார் என்று தாமே ஒப்புக்கொள்வதாகும். அதை மறுத்துப் பல ஆண்டுகள் காத்திருந்த பின், 2016 இல்தான் 'காணாமற்போனமைச் சான்றிதழ்' என்ற நடுவழி சட்டத்தில் இடம்பெற்றது. சொத்து, வங்கிக் கணக்கு ஆகியவற்றைக் கையாள அது உதவுகிறது. வாசலில் வந்து நின்ற நுண்நிதி நிறுவனம் கணவனின் கையொப்பத்தைக் கேட்கவில்லை என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். நியாயமான வட்டியில் கடன் தரும் வங்கிக்குச் சம்மதப் பத்திரம் வேண்டியிருந்தது. அநியாய வட்டிக்குக் கொடுத்தவருக்கு வேண்டியிருக்கவில்லை.

பெண்களுக்கான நிதித் திட்டங்கள் பல, வெளிநாட்டு உதவியையும் வரவுசெலவுத் திட்ட ஒதுக்கீட்டையும் எதிர்பார்த்து நிற்கின்றன. யாழ்ப்பாணச் சட்டத்தின் 6 ஆம் பிரிவை நீக்க அவை எதுவும் வேண்டாம். நாடாளுமன்றத்தில் ஒரு திருத்தச் சட்டம் போதும். தமிழ் உறுப்பினர்கள் அதை முதலில் கொண்டுவர வேண்டும்.